கேள்வி நான்கு, பகுதி ஆ

அறிவியல் நகரில் மின்சாரம் இரண்டு மணிக்கு வரும் என்றார்கள்.
மூன்றரையாகிறது.
ஆய்வுகூடத்தில் நாற்பது கணினிகள் முகம் கறுத்து இருக்க
யன்னலோரம் விடைத்தாள் திருத்துகிறேன்.

கேள்வி மூன்று:
'முட்டுக்கட்டை நேராமல் தவிர்ப்பது எவ்வாறு?'
எல்லோரும் அதே வங்கியாளரை எழுதியிருக்கிறார்கள்.
கையில் இருக்கிறதே என்று கொடுத்துவிடாதே,
கொடுத்த பின்னும்
எல்லோரும் வேலை முடித்துத் திருப்பித் தரும்
ஓர் ஒழுங்காவது மிஞ்சுமா, பார்.
மிஞ்சாதென்றால், பெட்டி நிறைந்திருந்தாலும்
பொறு என்று சொல்.
சரி. சரி. சரி.

சுட்டெண் பத்தொன்பது மட்டும்
வங்கியை விட்டு வயலில் இறங்குகிறது.
வெட்டும் மிசின் நகுலேந்திரனிடம்.
உழவு இயந்திரப் பெட்டி சுகிர்தமலரிடம்.
நெல்லுக் காயப்போடும் படங்கு ஞானசீலனிடம்.
மிசின் பெட்டிக்கு நிற்கிறது,
பெட்டி படங்குக்கு,
படங்கு மிசினுக்கு.
முத்தையன்கட்டுப் பக்கம் வானம் இருட்டுகிறது.
'இதில் ஆரும் கெட்டவர் இல்லை, சேர்.
ஆளுக்கு எவ்வளவு வேணும் என்று முதலே சொல்லியிருந்தால்
மூன்றையும் ஒருவருக்கே முதல் கொடுத்திருக்கலாம்.
நெல்லு முளைச்சிருக்காது.'

நான் சேர் இல்லை, மிஸ்.
அதற்குக் குறைக்கவில்லை.
அட்டவணை போடாததற்கு மூன்று குறைத்தேன்.

கேள்வி நான்கு. மூன்று சட்டகங்கள்.
பக்கங்கள் கேட்கப்படும் வரிசை
இரண்டு, ஐந்து, ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து.
பகுதி ஆ: 'எந்தப் பக்கத்தை இறக்குவது எனத் தீர்மானிக்கும்
முறை ஒன்றை விளக்குக.'

'பரந்தனில் ஏற்றும்போதே பெட்டி நிறைஞ்சிட்டுது.
தருமபுரத்தில், கனநாள் தொடாததை இறக்கினோம்.
தையல் மிசின். தகரம் பன்னிரண்டு.
அப்பா கிடங்கு வெட்டி, பொலித்தீன் சுற்றித் தாட்டார்.
பாலைமரத்தில் இருந்து எத்தனை அடி என்று
கொப்பியின் பின்மட்டையில் அம்மா எழுதினா.
அந்தக் கொப்பி பக்க அட்டவணை.
விசுவமடுவில் இன்னும் கொஞ்சம். உடையார்கட்டில் இன்னும்.
பிறகு சமைக்கவில்லை, படுக்கவில்லை,
ஏற்றுறதும் இறக்குறதுமே
இரவும் பகலுமாய்ப் போனது.
இந்நிலை த்ராஷிங் எனப்படும்.'

அளவுகோல் வைத்து அடிக்கோடு.

அந்த வீதி எனக்கும் தெரியும்.
எங்கள் பெட்டியிலிருந்து முதலில் போனது என் சைக்கிள்,
தொடாததால் அல்ல,
நீளமாய் இருந்ததால்.

திருத்தல் திட்டம் இன்னொரு குறிப்பை எதிர்பார்க்கிறது:
மாறாத பக்கத்தை அப்படியே விடலாம், பிரதி கீழே உண்டு.
மாறியதை எழுதிவைத்த பிறகே இறக்கவேண்டும்.
தேடினேன். இருக்கிறது, கடைசிப் பந்தியில்.
அதன் கீழே, மை மாறி,
'பிரதி இல்லாத பக்கம் பற்றிக் கேள்வியில் கேட்கப்படவில்லை.
ஆகவே எழுதவில்லை.'

மூன்று வரி வெறுமை.

'திரும்பி வந்து தோண்டப் போனோம்.
கொப்பி இருந்தது. அடிக்கணக்கு இருந்தது.
பாலைமரம் இல்லை.
எந்த இடத்திலிருந்து எண்ணுவது?
அம்மா இன்னும் காத்திருப்பு நிலையில்.'

மின்சாரம் வந்தது.
காத்தாடி சுழல, தாள்கள் எழும்பின,
முழங்கையால் அமத்திப் பிடித்தேன்.
நாற்பது திரைகளும்
நேற்று என்று ஒன்று இல்லாதமாதிரி ஒளிர்ந்தன.

பதினைந்துக்குப் பதின்மூன்று.
முதலில் பென்சிலால்.

பகுதி அ-வையும் சரியாகவே செய்திருக்கிறது பத்தொன்பது:
நான்கு வருகையில் ஐந்தை இறக்குகிறோம்,
இறக்கிய கையோடு
ஐந்தையே கேட்கிறார்கள்.

அந்த எண்களைப் போட்டது நான்தான்.
சும்மா போட்டேன்,
தேநீர் ஆறமுன்னம்.